கட்டைமேல் ஆலாக்கள்

பைனாகுலர் வாங்குவதாக இருந்தால் எட்டு மடங்கே போதும், இன்ஸ்பெக்டர். பன்னிரண்டு மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் சேர்ந்தே பெரிதாகிவிடும். முன்கண்ணாடி மட்டும் அகலமாக இருக்க வேண்டும். மங்கிய வெளிச்சத்திலும் பறவையின் கண் வரை தெரியும். என்னுடையது அப்படிப்பட்டது. எங்கள் கம்போங்கில், அந்தக் கரையோரக் கிராமம் முழுக்க, வேறு யாரிடமும் அது கிடையாது. கடலில் எது தென்பட்டாலும், 'பாக், கொஞ்சம் பாருங்கள்' என்று பெரியவனான என்னைத்தான் கேட்பார்கள். நான் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

அன்று மாலை துறைக்கு எதிரே சேற்றுத்திட்டில் மூன்று கரண்டிமூக்கு உள்ளான்கள் இரை தேடிக்கொண்டிருந்தன. சிட்டுக்குருவியை விடச் சற்றே பெரியவை, சைபீரியாவிலிருந்து வருபவை. உலகத்தில் மிச்சமிருப்பது சில நூறுதான். அந்தத் திட்டில் மண் கொட்டி விடுதி கட்ட ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. மறுநாள் காலை கோலாலம்பூரிலிருந்து வனவிலங்குத் துறை அதிகாரிகள் வருகிறார்கள். பறவைகளைக் கண்ணால் கண்டுவிட்டால் திட்டம் நின்றுவிடும். சேறு பிழைத்தால் அதிலிருக்கும் மட்டிச் சிப்பி பிழைக்கும். மட்டி அள்ளுகிற குடும்பங்களும் பிழைக்கும். ரொஸ்லியின் குடும்பம் அதில் ஒன்று. இதை நீங்கள் மறந்துவிடக் கூடாது.

ரொஸ்லியும் அவன் தம்பி கமாலும் மதியமே மட்டி அள்ளப் படகில் போயிருந்தார்கள். ரொஸ்லியின் மனைவி சொலேஹா, பொரித்த வாழைப்பழப் பொட்டலத்தோடு துறையில் காத்திருந்தாள்.

"பாக் ஹம்டான், அந்தா கறுப்பா ஏதோ மிதக்குதே. கொஞ்சம் பாருங்களேன்."

பார்த்தேன். கவிழ்ந்த படகின் மேல் இரண்டு பேர் தொற்றிக்கொண்டிருந்தார்கள். ரொஸ்லி சட்டையைக் கழற்றி ஆட்டினான். அவன் வாய் திறந்து மூடுவதுகூடத் தெரிந்தது.

துறையிலிருந்து படகு போவதென்றால் திட்டை ஒட்டிய கால்வாய் வழியாகத்தான் போக வேண்டும். ஒரு இன்ஜின் சத்தம் போதும், உள்ளான்கள் பறந்துவிடும்; காலைக்குள் திரும்பும் என்பது நிச்சயமில்லை.

"கட்டைம்மா," என்றேன். "மேல ரெண்டு ஆலா உட்கார்ந்திருக்கு."

"உங்களுக்கு எதப் பாத்தாலும் பறவைதான். இங்க குடுங்க, நான் பாக்குறேன்."

வலது கண்பக்கம் ஒரு வளையம் உண்டு. ஆளுக்கு ஆள் பார்வை மாறும் என்பதால், புதிதாகப் பார்க்கிறவர் முதலில் அதைத் திருப்பித் தன் கண்ணுக்குச் சரிசெய்துகொள்ள வேண்டும். பறவை பார்க்க வருகிற எல்லோருக்கும் நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் அது. அவளுக்குச் சொல்லவில்லை. கொடுக்கும்போது நடுச் சக்கரத்தையும் சற்றுத் திருப்பிவிட்டேன்.

"ஐயோ, மாவு கரைச்ச மாதிரியில்ல இருக்கு! இதுக்கா அவ்வளவு காசு கொட்டினீங்க? பேசாம வீட்டுக்குக் கூரை மாத்தியிருக்கலாம்."

சிரித்தாள். நானும் சிரித்தேன். பொட்டலத்தைப் பிரித்து எனக்கு ஒரு பழம் கொடுத்தாள். ஆறிப்போனால் ரொஸ்லி தொட மாட்டானாம். சாப்பிட்டேன்.

இருட்டிய பிறகு அவள்தான் கூட்டத்தைக் கூட்டினாள். விடியும்வரை படகுகள் போய்வந்தன. காலையில் அதிகாரிகள் வந்து நின்றபோது திட்டில் ஒரு பறவைகூட இல்லை. ரொஸ்லியின் உடல் தெற்கே வேறொரு கரையில் ஒதுங்கியது. கமால் கிடைக்கவில்லை.

அடக்கம் முடிந்து நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். சொலேஹா பக்கத்தில் வந்தாள். "நீங்க ஏன் பாக் இப்படி உடைஞ்சு போறீங்க? உங்க கண்ணுக்கே தெரியலன்னா வேற யாரால கண்டுபிடிச்சிருக்க முடியும்?" என்றாள். உங்களிடம் நான் வந்தது அதனால்தான். அவள் திட்டியிருந்தால் வந்திருக்க மாட்டேன்.

அவர்கள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இருவருக்கும் நீச்சல் தெரியும். பறவைகள் இரை தின்று முடிக்கட்டும், அதற்குள் கடலே அவர்களைக் கரைக்குத் தள்ளிவிடும் என்று கணக்குப் போட்டேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் யாராவது விவரம் தெரிந்தவர் படித்தால் கேட்பார், அதையும் நானே சொல்லிவிடுகிறேன். உள்ளான் சேற்றில் இறங்கி மேய்வது, கடல் கரையை விட்டு உள்வாங்கிப் போகும்போதுதான்.