ஓடைப்பாறையின் ஊதாப் பூ

செடிக்குத் தண்ணீர் ஊற்ற எல்லாருக்கும் தெரியும், சார். எப்போது ஊற்றக்கூடாது என்பதுதான் சிலருக்கே தெரியும். நியாலாஸ் ஊரில் என் நர்சரிக்கு வருகிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

தாரணியும் அப்படி வந்தவள்தான். பல்கலைக்கழகத்தில் செடிகொடிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். தோட்டத்துக்குப் பின்னால், எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் ஓர் ஓடை விழுகிறது. அதற்கு மேலுள்ள பாறையில் ஊதாப் பூப் பூக்கும் குத்துச்செடிகளை அவளுக்குக் காட்டியதே நான்தான். கொஞ்ச காலம் கழித்து மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அங்கிள், இந்தச் செடி உலகத்துல வேற எங்கயும் இல்லலா. இந்தப் பாறையில மட்டுந்தான். யாருகிட்டயும் சொல்லிறாதீங்க."

நான் சொல்லவில்லை. ஆனால், யோசித்தேன். யாரிடமும் சொல்லாதே என்கிறவள் தான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்? போன் வந்தால் தள்ளிப் போய்ப் பேசினாள். நான் கிட்டே போனால் பேச்சை முடித்துக்கொண்டாள். நாளைக்கே வேலி போடுவார்கள், முதலில் காட்டிய என்னையே உள்ளே விடமாட்டார்கள் என்று தோன்றியது. ஆகவே, எல்லாச் செடிகளையும் வேரோடு பெயர்த்துவந்து வீட்டுக்குப் பின்னால் நட்டேன். காட்டை நம்பி ஒன்றைக்கூட விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை.

மண் ஒத்துக்கொள்ளவில்லை. ஒன்றைத் தவிர மற்றவையெல்லாம் கருகிப்போயின.

"இது ஏதுங்க?" என்று என் மனைவி விஜயராணி கேட்டாள்.

மலாக்கா டவுனில் வாங்கினேன் என்றேன். அவள் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. உங்களுக்குத் தகவல் சொன்னதும் அவளாகத்தான் இருக்கும். பரவாயில்லை.

மறுபடி வந்த தாரணி வெறும் பாறையைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே என்னிடம்தான் ஓடி வந்தாள். "யாரோ தோண்டிட்டுப் போய்ட்டாங்க, அங்கிள். வந்து பாருங்க." கூடப் போனேன். போகாமலிருந்தால் சந்தேகம் வந்திருக்கும்.

பாறை இடுக்கில் குனிந்து பார்த்தாள். மண்ணைச் சுற்றி ஒழுங்காக வெட்டி, வேரையும் மண்ணையும் பந்தாகத் தூக்கிய தடம், நர்சரிக்காரர்கள் செய்கிற மாதிரி. அதைத் தடவிப் பார்த்தவள் மெல்ல என் பக்கம் திரும்பினாள்.

"அங்கிள்... நீங்களா?"

நான் ஓடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஒண்ணாச்சும் உயிரோட இருக்கா? அது போதும் அங்கிள். யாருகிட்டயும் சொல்லமாட்டேன்."

இருக்கிறது என்றேன். அவள் முகத்தில் கோபமே இல்லை, சார். சந்தோஷம்தான் தெரிந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கோபப்படுகிறவள் திட்டிவிட்டுப் போவாள். இவள் அந்தச் செடியைக் கொண்டுபோகாமல் விடமாட்டாள்.

வீட்டுக்குப் போகலாம் என்று அவசரமாகத் திரும்பியவளின் கால் பாசியில் வழுக்கியது. எட்டி அவள் கையைப் பிடித்தேன். கீழே பாறைகள். இரண்டு கையாலும் என் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு, "விட்டுறாதீங்க அங்கிள்" என்றாள்.

தள்ளினேன் என்று எழுதாதீர்கள், சார். வழுக்கியது அவள். விழப்போனவளைப் பிடித்தது நான். பிறகு அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன். அவ்வளவுதான்.