மடையைத் திறந்தவள்

கும்பகோணத்தில் பஸ் ஏறி எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்த கணவன் மனைவியின் பேச்சிலிருந்து தெரிந்தவை:

1. ஒயின் கம்பெனியும் பல்கலைக்கழகமும் சேர்ந்து, இவர்களுடைய நெல்வயல் முழுவதிலும் சோதனைக்குத் திராட்சை வைத்திருந்தன.
2. பழத்தில் இனிப்பு ஏறுவதற்காக, பறிக்கும்வரை தண்ணீர் விடக்கூடாது என்றார்கள்.
3. கணவர் வெளியூர் போயிருந்தபோது அந்த அம்மா மடையைத் திறந்துவிட்டார்.
4. பழமெல்லாம் வெடித்தது. கம்பெனி விலகிக்கொண்டது.

"தண்ணி பாய்ச்சுனதுக்குத் திட்டு வாங்குனவ இந்தச் சீமையிலேயே நான் ஒருத்திதான்" என்றார் அந்த அம்மா. அதைக் கேட்டுத்தான் நான் காதிலிருந்த இயர்போனைக் கழற்றினேன்.

"போறப்பவே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல?"

"வாய்க்கால்ல தண்ணி ஓடுது. நம்ம கொடி மட்டும் இலை சுருண்டு கெடக்கு. எப்புடிங்க பாத்துக்கிட்டு நிக்கிறது?"

"வாடட்டும்னுதான்டி விட்டிருந்தாங்க."

"காயப்போடுறதுக்கு ஒரு படிப்பா?"

"நீதான் படிக்காமலே முடிச்சு வச்சுட்டியே."

ஜன்னலுக்கு வெளியே எல்லா வயலிலும் நட்ட நாற்று வேர் பிடித்திருந்தது.

"அந்த ஆராய்ச்சிப் பொண்ணு ஏதும் சொல்லுச்சா?"

"ஒண்ணும் சொல்லல. வெடிச்ச பழத்தக் கையில வச்சுக்கிட்டு நின்னுச்சு."

"திட்டியிருந்தாலும் தேவல. இனிமே சம்பா போட முடியாதாங்க?"

"நாத்துக்கு எங்க போறது? திராட்சைய நம்பி நாமதான் நாத்து விடவே இல்லையே."

"கொடி இப்ப நல்லா தழைச்சு நிக்குதுங்க" என்றார் அந்த அம்மா, மெதுவாக.



நாளைக் காலை கொடிகளை வெட்டிப் பந்தலைப் பிரிக்கக் கம்பெனி ஆட்கள் வருகிறார்கள். இந்த வருடம் அந்த வயல் தரிசு.