முப்பத்தெட்டுப் படகுகளைத் தலையில் வைத்திருந்தவர்

மேடையில் தலைமை தாங்கியிருக்கும் வணக்கத்துக்குரிய பங்குத்தந்தை அவர்களே, அயல் சங்கங்களின் நிர்வாகிகளே, இன்று ஒரு படகையும் கடலில் இறக்காமல் இந்த மண்டபத்துக்கு வந்திருக்கும் எங்கள் படகோட்டிகளே, முன்வரிசையில் இருக்கும் திருமதி கிறேஸ் பஸ்தியாம்பிள்ளை அவர்களே, அவர் பக்கத்தில் இருக்கும் திருமதி இரத்தினேஸ்வரி கதிரவேல் அவர்களே! சங்கத் தலைவர் பாக்கியரத்தினமாக உங்கள் எல்லாரையும் வணங்குகிறேன். அந்தப் பதவியில் நின்று நான் பேசும் கடைசிப் பேச்சு இது. ஏன் என்பதைப் பேச்சு முடிவதற்குள் சொல்லிவிடுவேன்.

முப்பத்தொரு நாளைக்கு முன்னர் நாம் அடக்கம் செய்த பஸ்தியாம்பிள்ளை யார்? பத்தொன்பது வருடம் நம்முடைய கரை வயர்லெஸ் அறையில் இருந்தவர். அவ்வளவுதானா? இல்லை! நம்முடைய பயத்தையும் நம்முடைய பொறாமையையும் சேர்த்துத் தன் தலைக்குள் காவல் காத்தவர்.

அயல் சங்கத்தாருக்காக இதை விளக்கிச் சொல்ல வேண்டும். கடலில் எங்கே நிற்கிறோம் என்பது கரைக்குத் தெரிய வேண்டும், அது உயிருக்காக. பக்கத்துப் படகுக்குத் தெரியக் கூடாது, அது மீனுக்காக. வயர்லெஸ்ஸில் பேசுவதோ எல்லாருக்கும் கேட்கும். ஆகவே நம்முடைய ஒவ்வொரு படகோட்டிக்கும் ஓர் இரகசிய இலக்கம் உண்டு. தான் நிற்கும் இடத்தின் இலக்கங்களோடு அதைக் கூட்டித்தான் சொல்வான். கரையில் பஸ்தியாம்பிள்ளை அதைக் கழித்து இடத்தைக் குறித்துக்கொள்வார். முப்பத்தெட்டுப் படகு, முப்பத்தெட்டு இலக்கம். படகோட்டியையும் பஸ்தியாம்பிள்ளையையும் தவிர மூன்றாம் ஆளுக்கு எதுவும் தெரியாது.

எப்படி மறக்காமல் வைத்திருந்தார்? நானே ஒரு நாள் கேட்டேன். தான் புல்மோட்டை பஸ்ஸில் போவதாகச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு திருகோணமலை பஸ் நிலையத்தில் ஏறுவாராம். தரிப்பிடத்துக்கு ஒரு படகோட்டி நிற்பானாம். அவன் கையில் இரண்டு சாமான் இருக்குமாம். ஒன்று என்றால் துடுப்பு, நாலு என்றால் கதிரை, ஏழு என்றால் கத்தி என்று பூச்சியம் முதல் ஒன்பது வரைக்கும் உருவம் பார்த்துச் சாமான்களைப் பிரித்து வைத்திருந்தார். "மறக்கிறதுக்கு என்ன இருக்கு, பஸ் போற வழியில ஆக்கள் நிக்கினம், பாத்துக்கொண்டு போறன்" என்றார். இவ்வளவுதான் அவருடைய வித்தை.

ஆனால் அவர் தன் தலையைத் தானே நம்பவில்லை. அறுபது வயது தாண்டியதும் ஆண்டுக் கூட்டத்தில் எழும்பி, எல்லா இலக்கத்தையும் எழுதி ஓர் உறையில் ஒட்டிப் பங்குத்தந்தையிடம் கொடுத்து வைப்போம் என்று கேட்டார். எதிர்த்தது யார்? நான்! முன்பு ஒரு தடவை அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டி, ஒரு கிழமைக்குள் அது கசிந்து, நம்முடைய ஆட்களே கடலில் ஒருவரோடொருவர் அடிபட்டதை நினைவூட்டினேன். எழுதினால் களவு போகும் என்றேன். நீங்கள் எல்லாரும் கை தட்டினீர்கள். பஸ்தியாம்பிள்ளை உட்கார்ந்தார்.

பிறகு பாரிசவாதம் வந்து அவர் பேச்சும் வலக்கையும் போயின. அதைப் படகுகளுக்கு அறிவிக்க வேண்டாம் என்று சொன்னதும் நான்தான். இலக்கம் தெரிந்த ஆள் இல்லை என்றால் ஒருவரும் கடலுக்குப் போக மாட்டார்கள் என்று நினைத்தேன். வயர்லெஸ் முன்னால் நானே போய் உட்கார்ந்தேன்.

நாலாம் நாள் காலை ஒன்பது மணிக்கு, கதிரவேலோடு கடலுக்குப் போயிருந்த படகோட்டி பிரசாந்தனின் குரல் வந்தது. இயந்திரம் நின்றுவிட்டது, படகுக்குள் தண்ணீர் ஏறுகிறது, பற்றரி முடியப் போகிறது என்றான். பிறகு, பழக்கத்தில், தன் இரகசிய இலக்கத்தைக் கூட்டியே இடத்தைச் சொன்னான். "பஸ்தி அண்ணை, விளங்குதோ?" என்று கேட்டான்.

சபையோரே! இதுவரைக்கும் உங்களுக்கு நான் சொல்லிவந்தது, அந்த இடத்தில் தொடர்பு அறுந்தது என்று. அது பொய். தொடர்பு அறவில்லை. நான் பதில் சொன்னேன். "ஓம், விளங்குது" என்று சொன்னேன்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இலக்கத்தை எப்படியும் கண்டுபிடித்துவிடலாம் என்ற நினைப்பில், தலைவருக்குத் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, அப்படிச் சொன்னேன். அவனும் நம்பி வாயை மூடினான். பிறகு பற்றரி செத்துவிட்டது.

அன்று பகல் முழுதும் பழைய கொப்பிகளைப் புரட்டி ஊகித்து, இரண்டு படகுகளைப் பிழையான பக்கம் அனுப்பினேன். கடற்படைக்கும் அந்தப் பிழையான இடத்தையே கொடுத்தேன். மறுநாள் காலையில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிரசாந்தனின் இலக்கம் என்ன என்று கேட்டதும் பஸ்தியாம்பிள்ளை அழுதார். தனியே ஒரு பெயரைச் சொன்னால் அவரால் பிடிக்க முடியவில்லை. கிறேஸ் அக்காதான் என்னை விலத்தச் சொன்னார். "அவரை பஸ்ஸில ஏத்தினால்தான் வரும்" என்று சொல்லி, அவருடைய இடக்கையைப் பிடித்துக்கொண்டு தரிப்பிடம் தரிப்பிடமாகச் சொன்னார். சாம்பல்தீவில் அசையவில்லை. நிலாவெளியில் அசையவில்லை. இறக்கக்கண்டி என்றதும் அக்காவின் கையை அழுத்தி அமர்த்தினார். பிறகு அக்கா சாமான்களைச் சொன்னார். கதிரைக்கு அமர்த்தினார். கத்திக்கு அமர்த்தினார்.

நாற்பத்தேழு!

பத்து நிமிட வேலை. முதல் நாளே செய்திருக்கலாம். மத்தியானம் கடற்படை படகைக் கண்டுபிடித்தது. பிரசாந்தன் ஐஸ் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி உயிரோடு இருந்தான். கதிரவேல் இல்லை. அன்று விடியும் வரைக்கும் கதிரவேல் கதைத்துக்கொண்டிருந்ததாகப் பிரசாந்தன் சொல்கிறான்.

இரத்தினேஸ்வரி தங்கச்சி, உங்கள் கணவரைக் கடல் கொண்டுபோனது என்று ஊர் சொல்கிறது. என்னுடைய ஒரு சொல் கொண்டுபோனது. மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு ஐந்து நாட்கள் பஸ்தியாம்பிள்ளை தினமும் கிறேஸ் அக்காவோடு பஸ்ஸில் போனார். அவர் கையை அமர்த்த அமர்த்த அக்கா எழுதினார். இருபத்தேழு படகுகள் வந்தன. குச்சவெளியில் மூச்சு நின்றது. மிச்சப் பதினொரு படகுகளும் அதற்கு அங்கால் நிற்கின்றன. சாகக் கிடந்தும் நான் தடுத்த வேலையைத்தான் அவர் செய்தார். இவரைவிடக் கடமை தெரிந்த ஒருவரை இந்தக் கரை கண்டதா?

அந்தத் தாள் இதோ, ஒட்டிய உறைக்குள், பங்குத்தந்தையின் கையில் கொடுக்கிறேன். பதினொரு படகோட்டிகளும் தங்கள் இலக்கங்களை இன்றே அவரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். நாளை முதல் வயர்லெஸ்ஸில் இருக்கப் போவது நம்முடைய கரைப் பிள்ளை ஜெயரூபி. உயிராபத்து என்றால் இடத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பதே இனிமேல் சங்கத்தின் முதல் சட்டம். பஸ்தியாம்பிள்ளையின் பெயரால் இதை நாம் எல்லாரும் ஏற்றுக்கொள்வோம்.

பிரசாந்தன், நீ பின்கதவடியில் நிற்கிறாய். அன்று பதில் சொன்ன குரல் யாருடையது என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் ஒருவருக்கும் சொல்லவில்லை. அன்று காலை ஒன்பது மணிக்கு உனக்கு நான் சொல்லியிருக்க வேண்டியதை இந்தச் சபைக்கு முன்னால் இப்போது சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

"தம்பி, எனக்கு விளங்கேல்லை. பஸ்தி அண்ணை இஞ்ச இல்லை. மறைக்காமல் சொல்லு, எங்க நிக்கிறாய்?"