சுகர் உள்ள மீன்

வடகவுஞ்சி போகும் மத்தியான பஸ். லாட்ஜில் ரூம் கூட்டிவிட்டு வந்த இரண்டு பெண்கள் முன்சீட்டில் துவண்டு கிடந்தார்கள்.

“குகைக்குள்ள ஒரு மீனு இருக்காம்க்கா. எப்பவும் சுகர் ஏறியே கெடக்குமாம், ஆனா ஒண்ணும் செய்யாதாம்” என்றாள் இளையவள்.

“யாருடி சொன்னா?”

“எம்மக. காலேஜ்ல பாடமாம். வெள்ளம் வாறப்ப வயிறுமுட்டத் தின்னு கொழுப்பா சேத்துக்கிடுமாம். மிச்ச நாளெல்லாம் பட்டினியாம். தூக்கமும் கம்மிதானாம்.”

“நம்ம சோலியும் அதான. சீசன்ல கெஸ்ட்டு மிச்சம் வச்ச கேக்கு, சீசன் முடிஞ்சா ரசஞ்சோறு.”

“அதான் எஞ்சுகர் மாத்திரைய நிறுத்திட்டேன்க்கா.”

மூத்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “கிறுக்கச்சி! மீனு தலமுற தலமுறையா இருட்டுல கெடந்து பழகினது. நீ போன சீசன்லதான வேலைக்குச் சேந்த?”

“அதுக்குக் கண்ணுகூடக் கெடையாதாம்க்கா. தேவப்படலையாம்.”

பெருமாள்மலையில் பஸ் நின்றது.

இளையவள் ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்தாள். “மேகம் எறங்கிருச்சுபோல. எந்த ஊருக்கா இது?”

வெளியே வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது.