வெள்ளரிக்காய் அண்ணனின் இடுப்பு

உங்கள் விசாரணை அறிக்கையில் ஒரே ஒரு பிழை இருக்கிறது, அதைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். ‘தையல் தரமில்லாததால் நேரலையின்போது உடை கிழிந்தது’ என்று எழுதியிருக்கிறீர்கள். தையல் கிழியவில்லை. தையலுக்குப் பக்கத்தில் இருந்த துணிதான் கிழிந்தது. நான் போட்ட தையல் இன்னும் கல்லாக நிற்கிறது, வேண்டுமானால் அந்த உடையை எடுத்துவரச் சொல்லிப் பாருங்கள். மற்றபடி அறிக்கை நன்றாகவே வந்திருக்கிறது.

நான் இந்தத் தொலைக்காட்சி நிலையத்தின் உடைப் பிரிவில் இருக்கிறேன். நரிக்கு வால் தைத்திருக்கிறேன், நிலாவுக்குச் சட்டை தைத்திருக்கிறேன், யாரும் ஒரு குறை சொன்னதில்லை. ஒரு முழு மனிதனை வெள்ளரிக்காயாக்குவதுதான் கொஞ்சம் கஷ்டம். சிறுவர் பகுதியில் ‘துள்ளி எழு’ என்று ஒரு நிகழ்ச்சி வருகிறதே, அதற்காகத் தைத்தது. பிள்ளைகள் காய்கறி சாப்பிட வேண்டும், சோபாவை விட்டு எழுந்து ஓடியாட வேண்டும் என்பதற்காக எடுக்கிற நிகழ்ச்சி. வெள்ளரிக்காய் அண்ணன் ஒரு பெட்டியின் மேலிருந்து குதித்து வருவார், பிள்ளைகளைக் குனிய வைப்பார், நிமிர வைப்பார், கடைசியில் ஒரு வெள்ளரிக்காயைக் கடித்துச் சாப்பிட்டுக் காட்டுவார். வெள்ளரிக்காயே வெள்ளரிக்காயைத் தின்னலாமா என்று ஆரம்பத்தில் கூட்டம் போட்டுப் பேசினார்கள். தின்னலாம் என்று முடிவாயிற்று.

உடை கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துணி. இழுத்தால் நீளும், விட்டால் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். ஜிப் முதுகுப் பக்கம் இருப்பதால் அவரால் தானாகப் போடவும் முடியாது, கழற்றவும் முடியாது. நான்தான் பின்னால் நின்று இழுத்துவிட வேண்டும். வியர்வையில் நனைந்துவிடும் என்பதால் வாராவாரம் சலவைக்குப் போய் நேராக என் மேசைக்கு வரும். நான் பார்த்து, பிரிந்ததைத் தைத்து, மாட்டிவைப்பேன்.

அவர் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுவார். தேநீர் வாங்கினால் எனக்கும் ஒன்று வாங்குவார். சும்மா சொல்லக் கூடாது, பழக நல்ல மனிதர்.

என் தங்கை மகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நானும் தங்கையும் அவளுமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். எனக்குக் கல்யாணம் காட்சி எதுவும் அமையவில்லை, அவளைத்தான் நான் பெறாத பெண்ணாக வளர்க்கிறேன். பெரியம்மா பெரியம்மா என்று என் காலையே சுற்றி வருவாள். கொஞ்சம் பூசினாற்போல உடம்பு. வெள்ளரிக்காய் அண்ணன் என்றால் அவளுக்கு உயிர். நிகழ்ச்சியில் அண்ணனோடு குதிக்கிற பிள்ளைகள் வரிசையில் ஒருநாள் அவளையும் நிறுத்த வேண்டும் என்று தயாரிப்பாளரிடம் பல்லைக் காட்டி, கெஞ்சி, எப்படியோ ஒப்புக்கொள்ள வைத்தேன்.

ஒத்திகையில் அண்ணன் வரிசையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என் பக்கத்தில் வந்து, சிரித்த முகமாகத்தான் சொன்னார்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. பாப்பாவ அந்த மரத்துக்குப் பின்னாடி நிக்க வெச்சிடலாம். நம்ம நிகழ்ச்சிக்கு வர்ற பிள்ளையே இப்படி இருக்கேன்னு பாக்குறவங்க கேப்பாங்க இல்ல?”

அது அட்டையில் செய்த மரம். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

ஒளிபரப்பான அன்று பக்கத்து வீட்டுக்காரர்களையெல்லாம் தங்கை கூப்பிட்டு உட்காரவைத்திருந்தாள். மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கை மட்டும் மேலே போயிற்று, கீழே வந்தது. நிகழ்ச்சி முடியும்வரை அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரர்கள் தேநீர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழந்தை மட்டும் துள்ளிக் குதித்தாள்.

“அது என் கைதான். பாத்தியா பெரியம்மா, எல்லாரையும் விட நான்தான் கரெக்டா தூக்குறேன்.”

அவள் அழவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்திலும் போய்க் கையைப் பற்றிப் பெருமை பேசியிருக்கிறாள். அழ வேண்டிய விஷயம் என்று அவளுக்குத் தெரியவில்லை. வீட்டில் ஒருவருக்காவது அது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா, அதனால் நான் தெரிந்துகொண்டேன்.

அந்த வாரம் உடை மேசைக்கு வந்தபோது இடுப்பில் ஒரு நூல் உள்ளே தள்ளித் தைத்தேன். தையல்காரர்கள் கணக்கில் நூல் என்றால் ஓர் அரிசியின் அகலம். அதற்கு மேல் ஆசைப்பட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். அடுத்த வாரம் இன்னொரு நூல். பிறகு தொடையில், பிறகு மார்பில், மறுபடியும் இடுப்பில். இந்த வேலையில் பொறுமைதான் முக்கியம், அவசரப்படுகிறவர்களுக்கு இது சரிப்படாது.

“அக்கா, சலவையில சுருங்கிடுச்சா?” என்று ஒருநாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“இது சுருங்குற துணி இல்ல தம்பி.”

அது உண்மைதான். இந்த விஷயத்தில் நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன், கேட்காததற்குச் சொல்லவில்லை. எடை பார்க்கும் கருவியில் ஏறி நின்றுவிட்டு வந்து, “மெஷின் நான் எளைச்சிருக்கேன்னு சொல்லுது, உடுப்பு ஏன் இப்படிப் பிடிக்குது?” என்று கேட்டபோதும், “மெஷின் பத்தி எனக்கென்ன தெரியும் தம்பி, எனக்குத் துணிதான் தெரியும்” என்றேன். மறுநாளே அந்தக் கருவியைப் பழுது என்று சொல்லி மூலையில் போட்டுவிட்டார். நான் போடச் சொல்லவில்லை.

அதன் பிறகு எனக்கு வேலையே இல்லை, எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொண்டார். முதலில் மதியச் சாப்பாட்டைப் பாதியாக்கினார். பிறகு டப்பாவைத் திறக்காமலேயே ஓட்டுநரிடம் கொடுக்க ஆரம்பித்தார், ஓட்டுநர் நன்றாகத் தேறிவிட்டார். இடைவேளையில் நிலையத்தைச் சுற்றி ஓடுவார். ஒப்பனைக்காரரின் பிறந்தநாளுக்கு கேக் வெட்டியபோது ஒரு துண்டை மூக்கருகே வைத்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். வெள்ளரிக்காய் மெல்ல மெல்ல பீன்ஸாகிக்கொண்டிருந்தது. ஆனால் உடை எப்போதும் சிக்கென்று இருந்ததால் யார் கண்ணையும் அது உறுத்தவில்லை. கன்னம் ஒட்டியதை ஒப்பனைக்காரர் சமாளித்தார்.

இங்கேதான் நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிகழ்ச்சியின் கடைசியில் அவர் வெள்ளரிக்காய் சாப்பிடுவார் என்றேன் அல்லவா, முன்பெல்லாம் அது வெறும் நடிப்பு. ஒரு கடி கடித்துக் கண்ணை உருட்டிவிட்டு மீதியைக் கீழே வைத்துவிடுவார். இப்போது நாள் முழுக்க அவர் வாயில் விழுவது அது ஒன்றுதான். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, காம்புவரை மென்று விழுங்கினார். கேமராக்காரர் தானாகவே முகத்துக்கு அருகே போனார். பார்க்கிற பிள்ளைகளுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. எங்கள் பையன் வெள்ளரிக்காய் கேட்டு அடம்பிடிக்கிறான் என்று தாய்மார்கள் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். தயாரிப்பாளர் அண்ணனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார். நிகழ்ச்சிக்கென்று வைத்திருந்த சத்துணவு ஆலோசகர் அம்மா இத்தனை காலம் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசியும் நடக்காதது நடந்தது. அறிக்கையில் இதற்கும் ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

அவர் மனைவி ஒருநாள் என்னைத் தேடி உடைப் பிரிவுக்கே வந்தாள். சின்னப் பெண், பாவம், கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது.

“அக்கா, அவரு தூக்கத்துல சாப்பாட்டப் பத்தியே பேசுறாரு. மாடிப்படி ஏறினா செவுத்தப் பிடிச்சிக்கிறாரு. கேட்டா உடுப்பு பத்தலங்கிறாரு. நீங்க கொஞ்சம் லூசாக்கிக் குடுங்களேன். நான் சொன்னேன்னு தெரிய வேண்டாம்.”

“பாக்குறேம்மா” என்றேன்.

மனது கேட்கவில்லை. அந்த வாரம் நான் கை வைக்கவே இல்லை, இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் இரண்டு வாரத்துக்கும் சேர்த்துத் தைத்தேன்.

பிறகு அந்த ஆண்டுவிழா நேரலை. நடந்ததை நாடே பார்த்தது, என்றாலும் நான் திரைக்கு ஓரமாக நின்று பார்த்ததைச் சொல்கிறேன். அரங்கம் நிறையப் பிள்ளைகள். என் தங்கை மகளும் வந்திருந்தாள், ஊழியர் குடும்பங்களுக்கு ஒதுக்கிய இடத்தில் உட்கார்ந்து சிற்றுண்டிப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் பெட்டியின் மேல் ஏறவே இரண்டு தடவை முயன்றார். ஏறி, கையை விரித்து, குதித்தார். கழுத்திலிருந்து இடுப்பு வரை முதுகு பிளந்துகொண்டது. உள்ளே விலா எலும்புகளை எண்ணிவிடலாம் போலிருந்தது. அவர் ஒரு நிமிஷம் நின்றார், பிறகு உட்கார்ந்தார், பிறகு மெதுவாகப் படுத்துவிட்டார்.

பிள்ளைகளும் உடனே உட்கார்ந்து, மெதுவாகப் படுத்துவிட்டார்கள். அண்ணன் செய்வதை அப்படியே செய்ய வேண்டும் என்றுதானே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தோம். பாட்டு அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அரங்கம் முழுக்கப் பிள்ளைகள் ஆடாமல் அசையாமல் கிடந்தார்கள். இதுவும் புதுப் பயிற்சி என்று நினைத்து இயக்குநர் ஒளிபரப்பை நிறுத்தவில்லை.

என் தங்கை மகள் மட்டும் எழுந்து மேடைக்கு ஓடினாள். அவள் வரிசையில் இல்லாதவள், அதனால் அவளுக்குப் படுக்கத் தோன்றவில்லை. கையில் ஒரு கிரீம் பன். அதை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஒலிவாங்கி அவர் காலரில்தான் இருந்தது, பேசியது எல்லா வீட்டிலும் கேட்டது.

“நான் சாப்பிடலாமா பாப்பா?”

“சாப்பிடுங்கண்ணா. என்கிட்ட இன்னொண்ணு இருக்கு.”

படுத்தபடியே தின்றார். மூக்கிலும் கன்னத்திலும் கிரீம் அப்பியிருக்க, கண்ணில் நீர் வழிய, விரலையெல்லாம் நக்கிச் சாப்பிட்டார். எந்தப் பிள்ளையை மரத்துக்குப் பின்னால் நிறுத்தினாரோ, அவளே ஊட்டிவிட்டாள் என்றுகூடச் சொல்லலாம். எனக்கு அன்றைக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

இப்போது மருத்துவமனையில் இருக்கிறார், உயிருக்கு ஒன்றும் இல்லை என்கிறார்கள். ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் இடுப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாராம், பாதிச் சாப்பாட்டில் தட்டைத் தள்ளிவிடுகிறாராம். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அழுகிறாள் என்று கேள்விப்பட்டேன். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. படித்த மனிதர் ஒரு துணியை இவ்வளவு நம்புவார் என்று யார் எதிர்பார்த்தார்கள்?

பாவம், அந்த ஆலோசகர் அம்மா. அவர் பட்டினி கிடக்கச் சொன்னதால்தான் அண்ணனுக்கு இப்படி ஆயிற்று என்று அவரை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறீர்கள். அவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நான்தான் செய்தேன். தெரிந்தே, திட்டம்போட்டு, வாராவாரம் செய்தேன். இதை முன்பே சொல்லியிருக்கலாம், ஆனால் யாரும் என்னைக் கேட்கவில்லை. தையல் சரியில்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் பொறுக்க முடியவில்லை. எங்கே சொல்கிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன், அந்த ஒரு வரியை மட்டும் திருத்திவிடுங்கள்.

என் மேல் நடவடிக்கை எடுப்பதாக இருந்தால் இந்த வாரம் கழித்து எடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தங்கை மகளுக்கு உடுப்பு தைத்துக்கொண்டிருக்கிறேன். பன் கொடுத்த பாப்பாவைப் பார்க்க வேண்டும் என்று நாடே கேட்கிறதாம், புதுத் தொடரில் அவளுக்கு முன்வரிசையில் நட்டநடுவில் இடம். தக்காளி வேடம். என் கையாலேயே அளவெடுத்தேன், அளவைவிடச் சற்றுக் குறைத்தே வெட்டினேன். அந்த அண்ணன் செய்தது வேறு, நான் செய்வது வேறு. முன்னால் நிற்கப்போகிற பிள்ளை, நாலு பேர் நாலு விதமாகப் பேச நாமே இடம் கொடுக்கக் கூடாது இல்லையா? நேற்று போட்டுப் பார்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தவள், தட்டில் பாதியை ஒதுக்கி வைத்துவிட்டு, “போதும் பெரியம்மா, பசிக்கல” என்றாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.