பேரு கூப்டுவாங்க

…நீயே சொல்லும்மா, இதெல்லாம் ஒரு கேள்வியா? 'உங்களை ஒரு மிருகமா நெனச்சுக்கிட்டா, நீங்க இன்னா மிருகம்?' போன வாரம் அடையார்ல ஒரு கம்பெனில கேட்டாங்க. டை கட்டிக்கினு ஒரு பையன். என் தம்பி அஃப்தாப் வயசுதான் இருக்கும். காலைல எழுந்து ஆறு பேருக்கு நாஸ்தா பண்ணி, தண்ணி புடிச்சி வெச்சி, புள்ளய ஸ்கூல்ல தள்ளிட்டு, பஸ்ல தொங்கிக்கினு வந்தவகிட்ட மிருகத்தைப் பத்திக் கேட்டா? 'கழுதை'ன்னேன். எழுதிக்கினான்மா! சிரிக்கக்கூட இல்ல. குனிஞ்சி எழுதிக்கினான்!

ஒக்காரு, ஒக்காரு. அந்தச் சேருல ஒரு காலு ஆடுது, செவுத்தாண்ட சாஞ்சிக்கோ. உனக்கும் இதே வேலைக்குத்தானா? காது மெஷின் கம்பெனில ஃபோன் எடுத்துப் பேசுற வேலை... ஆங், எனக்கும் அதான். நான் வந்ததுமே கேட்டுட்டேன், 'காது கேக்காதவங்க எதுக்கு மேடம் ஃபோன் பண்ணுவாங்க?'ன்னு. உள்ள கீற அந்த மேடம் மூஞ்சிய அந்தாண்ட திருப்பிக்கிச்சு. நியாயமா ஒண்ணு கேட்டா யாருக்கும் புடிக்கிறதில்ல.

அதோ, கதவாண்ட வாயில வெத்தலபாக்க அடக்கிக்கினு நிக்கிறாரே, அந்த அண்ணன்தான் பேரு கூப்டுவாராம். மூணு வாட்டி கூப்டுவாராம், வரலைன்னா அடுத்த ஆளாம். அப்புறம் கால்ல வுழுந்தாலும் கிடையாதாம். அதான் நான் உசாரா முன்னாடியே ஒக்காந்துக்கினு கீறேன்.

கம்ப்யூட்டர்ல டெஸ்ட் வெச்சாங்களே, எழுதுனியா? எனக்குத் தாவு தீந்து போச்சு. 'எனக்கு எல்லார்கிட்டயும் பேசப் புடிக்கும். ஒத்துக்கிறேன், ரொம்ப ஒத்துக்கிறேன், ஒத்துக்கல.' சரி, ரொம்ப ஒத்துக்கிறேன். கொஞ்ச தூரம் போனா, 'எனக்கு அமைதியா இருக்கப் புடிக்காது.' அதே கேள்விதான், முக்காடு போட்டுக்கினு வருது! நாம பொய் சொல்றோமான்னு பாக்குறாங்களாம். மூணாவது வாட்டியும் வந்துச்சு பாரு, 'ஒரு வாட்டி சொன்னா காதுல வுழாதா உனக்கு?'ன்னு ஸ்க்ரீனப் பாத்துக் கத்திட்டேன். அதுக்கும் அந்த மேடம் ஏதோ எழுதிக்கிச்சு. இவங்களுக்குப் பேனா எப்பவும் கையிலயே இருக்கும் போல.

இன்னாண்ணே? ...பிரதோஷா? ஆமாண்ணே, தெரியும்ணே! அதுல மாட்டிக்கினுதான வந்தோம்! பாரேன்மா, கூட்டத்தப் பத்தி அவரே சொல்றாரு. கபாலி கோயிலச் சுத்தி ஒரு ஆட்டோ நகரல. தெருவெல்லாம் வில்வமும் அருகம்புல்லும் வித்துக்கினு கீறாங்க. நான் லஸ்ஸாண்டயே எறங்கி ஓட்டமும் நடையுமா வந்தேன். இன்னிக்கி பிரதோஷம்னு தெரிஞ்சிருந்தா ஒரு மணி நேரம் முன்னாடியே கெளம்பியிருப்பேன்.

ஆட்டோன்னதும் ஞாபகம் வருது. தி.நகர்ல ஒரு நகைக்கடைல, சும்மா டோக்கன் குடுக்குற வேலைம்மா, அதுக்கு ஒருத்தன் கேக்குறான், 'மெட்ராஸ்ல மொத்தம் எத்தன ஆட்டோ ஓடுது? யோசிச்சி சொல்லுங்க.' நான் யோசிச்சேன். 'சார், கூப்ட்டா வர்ற ஆட்டோவா, வர மாட்டேன்னு சொல்ற ஆட்டோவையும் சேத்தா?'ன்னேன். ரெண்டும் வேற கணக்குதான? அவன் 'தேங்க்யூ மேடம்'னுட்டான். அவங்க தேங்க்யூ சொன்னா நம்ம கதை முடிஞ்சிதுன்னு அர்த்தம்.

அஞ்சு வருஷம் கழிச்சி உங்கள எங்க பாக்குறீங்கன்னு எல்லா எடத்துலயும் கேக்குறாங்க. 'திருவல்லிக்கேணிலதான், வூட்ட காலி பண்ற ஐடியா எங்களுக்கு இல்ல'ன்னேன். இதுல தப்பு இன்னா கீது?

இந்த 'கேப்'பு கேள்விதான்மா என்னை ரொம்ப கொல்லுது. 'எட்டு வருஷமா இன்னா பண்ணீங்க?' சிரிச்சிக்கினே கேக்குறாங்க. நான் பி.காம். கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேல பாத்தவ. அப்புறம் நாஸியா பொறந்தா. எங்க மாமியார் ஜமீலுன்னிசாவுக்குக் காது சுத்தமா போச்சு. அவங்களுக்குக் கேக்கணும்னு கத்திக் கத்தி எனக்கு இந்தத் தொண்டையே நிரந்தரமாயிடுச்சு. எங்க வூட்டுக்காரருக்குக் காதுல ஒரு கொறையும் இல்ல, ஆனா நான் பேசுனா மட்டும் வுழாது. இதுக்கு மெஷின் இன்னும் வரல. வந்தா மொதல்ல நான்தான் வாங்குவேன்.

அடையார்ல ஒரு ரெக்கார்டு போட்டாங்க. கஸ்டமர் அம்மா ஒண்ணு அழுவுது, அது இன்னா கம்ப்ளெயின்ட்னு கேட்டு சொல்லணும். 'மிக்ஸிதான, வாரண்டி கார்டு எடுத்து வைங்க'ன்னு ரெக்கார்டு முடியறதுக்குள்ளயே பதில் சொல்லிட்டேன். என் ஸ்பீடுக்கு மார்க்கு குடுப்பாங்கன்னு பாத்தா, 'மேடம், அவங்க ஏசி பத்தி சொன்னாங்க'ன்றான். மிக்ஸின்னா இன்னா, ஏசின்னா இன்னா, அழுவுறவளுக்கு ஆறுதல் சொல்றதுதான முக்கியம்?

தோ, திரும்பவும் சொல்றாரு, பிரதோஷுன்னு... ஓ! ஆளு பேராம்மா அது? நான் கோயில சொல்றாருன்னு நெனச்சேன்! இப்டியும் பேரு வெக்கிறாங்க பாரேன். பிரதோஷத்தன்னிக்குப் பொறந்திருப்பான், ஆசையா வெச்சிருப்பாங்க. தம்பி! இங்க யாருப்பா பிரதோஷ்? ...ஒருத்தனும் எழுந்திரிக்கல பாரு. கீழ டீ அடிச்சிக்கினு இருப்பான்.

எம் பேரு ஃபிர்தௌஸ். சொர்க்கம்னு அர்த்தம். எங்க அத்தா பாத்துப் பாத்து வெச்ச பேரு. ஆனா அந்தப் பேரச் சொல்லி என்னை யாராச்சும் கூப்ட்டு எவ்ளோ காலம் ஆச்சு தெரியுமா? வூட்ல 'நாஸியாம்மா'. மாமியாருக்கு 'ஏ பொண்ணு'. வூட்டுக்காரருக்கு 'இந்தா'. கேஸ் சிலிண்டர் போட வர்றவருக்கு, அவரு பேருல 'இனாயத் பாய் வூடு'. நேத்து எங்க வூட்டுக்காரரு கேட்டாரு, 'நீ வேலைக்குப் போயி இன்னா ஆவப் போவுது? இது கிடைக்கலைன்னா இத்தோட வுட்டுடு.' நானும் சரின்னுட்டேன். அவருக்கு எப்டிம்மா சொல்றது? கழுத்துல பேரு போட்ட அட்டை ஒண்ணு தொங்கணும் எனக்கு. ஒரு ஆபீஸ்ல ஒருத்தர் 'ஃபிர்தௌஸ், இங்க வாங்க'ன்னு கூப்டணும். அவ்ளோதான். அதுக்காகத்தான் கழுதைன்னு சொல்லிக்கினு ஊரெல்லாம் அலையிறேன். ...ச்சே, கண்ணுல தூசி.

இன்னாம்மா கையப் புடிச்சி இஸ்க்கிற? இரு, சொல்லி முடிச்சிடறேன். உள்ள கேப்பாங்க பாரு, 'உங்க பலம் இன்னா?'ன்னு. நான் ரெடி பண்ணி வெச்சிக்கீறேன். 'அடுத்தவங்க பேசுறத காது குடுத்துக் கேப்பேன்.' எப்டி? காது மெஷின் கம்பெனிக்குக் கரெக்டா... இரும்மா, நீ வேற நடுவுல நடுவுல...

அடப்பாவமே, மூணாவது வாட்டியும் பிரதோஷ் பிரதோஷ்னு கத்திட்டாரு, அவன் வரவே இல்ல! போச்சா? போச்சு. பெத்தவங்க எவ்ளோ ஆசையா அனுப்பியிருப்பாங்க. பேரக் கூப்ட்டா காதுல வுழாதவனுக்குக் காது மெஷின் கம்பெனில இன்னா வேலன்றேன்? அந்த எடத்துல நான் இருந்தா மொதல் சத்தத்துலயே எழுந்து ஓடியிருப்பேன். பொறுப்பு வேணும்மா, பொறுப்பு.

தாரணியா? நீயா அது? சோக்கான பேரு. போ, போ, துப்பட்டாவ சரி பண்ணிக்கோ. மிருகம்னு கேட்டா யானைன்னு சொல்லு... இன்னா நின்னுக்கினே கீற? போம்மா, உனக்கும் மூணு வாட்டிதான்... எம் பேரா? எம் பேரு எப்போ கூப்ட்டாங்க? இல்லியே, அவரு பிரதோஷுன்னுதான... வாயில வெத்தலபாக்க அடக்கிக்கினு... பிர... தோஸ்... பிர்தோஸ்...

யா அல்லா.

அண்ணே! அண்ணே, கதவ மூடாதீங்கண்ணே! அந்தப் புள்ளய அனுப்பிட்டு அடுத்து என்னை வுடுங்க... மூணு வாட்டியும் கேட்டுச்சுண்ணே, சத்தியமா நல்லாக் கேட்டுச்சு, என் காதுல ஒரு கொறையும் இல்ல... ஃபிர்தௌஸ்ணே, ஃபிர்... அய்யோ, நீங்க எப்டி வேணா கூப்டுங்க! அண்ணே! நான்தாண்ணே பிரதோஷ்!