அசல் படம்

— இது என் தங்கச்சி மூஞ்சியே இல்லண்ணே.

— நல்லாப் பாருங்கம்மா. அவங்கதான். குழந்தை பிறந்தநாளுக்கு கேக் வெட்டுறப்ப நான் எடுத்த படம்.

— சேலை அவளோடது, இடுப்புல இருக்கிற குழந்தை அவளோடது. மூஞ்சி யாரோடதோ. கண்ணுக்குக் கீழ கன்னிப்போய் கருநீலமா இருந்துச்சே, அது எங்க?

— அது சாஃப்ட்வேர் எடுத்திருக்கும்மா. ஒரு விழான்னா ஆயிரம் படம் சேருது, ஒவ்வொண்ணா உக்காந்து பார்க்க முடியுமா? மொத்தமா உள்ள போட்டு பட்டனைத் தட்டிட்டு டீ குடிக்கப் போயிடுவோம். திரும்பி வர்றதுக்குள்ள அதுவே வெளிச்சத்தைச் சரி பண்ணி, பரு, கருவளையம் எல்லாத்தையும் துடைச்சு வச்சிடும்.

— அடிச்ச அடியையுமா துடைக்கும்?

— அடி எது, நிழல் எதுன்னு அதுக்கு என்னம்மா தெரியும்? கருப்பா இருந்தா வெளுக்க வைக்கும்.

— உதட்டோரத்தைக் கூடத் தூக்கி விட்டிருக்கு பாருங்க. அவ அன்னைக்குச் சிரிக்கவே இல்லண்ணே. எங்க சித்தப்பாவுக்கு மூஞ்சி பூரா அம்மைத் தழும்பு, இதுல மொழுமொழுன்னு மாப்பிள்ளை மாதிரி நிக்கிறாரு. ஆல்பம் வந்தப்ப இது யாருடான்னு அவரே கேட்டார். வீடே சிரிச்சுது. நானும் சேர்ந்து சிரிச்சேன், பைத்தியக்காரி. அப்பவே இவ படத்தைப் பார்த்திருக்கணும்.

— இப்ப என்னம்மா ஆச்சு அதுக்கு?

— என்ன ஆச்சா? அவ புருஷன் இந்த ஆல்பத்தைத் தூக்கிட்டுப் போய் கோர்ட்டுல வச்சிருக்கான். விழாவுக்கு மொத நாள் அடிச்சேன்னு சொல்றாளே, இதுல ஒரு கீறலாவது இருக்கான்னு கேக்கிறான். இப்படிப் பொய் சொல்றவகிட்ட குழந்தையை விடக்கூடாதாம். நாளைக்கு விசாரணை. அசல் படத்தைக் குடுங்கண்ணே. சாஃப்ட்வேர் கை வைக்கிறதுக்கு முன்னாடி கேமராவுல இருந்தது.

— அதெல்லாம் எப்பவோ போயிருக்கும்மா. திருத்தினது அசல் மேலயே பதிஞ்சிடும்.

— போன வாரம் போன்ல என்ன சொன்னீங்க? அசல் எல்லாம் தனி டிஸ்க்ல பத்திரமா இருக்கு, எப்ப வேணும்னாலும் வந்து வாங்கிக்கோங்கன்னு சொன்னது யாரு?

— சொன்னேனா? வேற ஆர்டர்னு நெனச்சு சொல்லியிருப்பேன்.

— மென்னு முழுங்காதீங்க. அவன் வந்தானா? காசு குடுத்தானா, மிரட்டினானா?

— நான் யார்கிட்டயும் கை நீட்டலம்மா. அந்தப் பேச்சு வேண்டாம்.

— அப்ப எதுக்கு என் மூஞ்சியைப் பார்க்காம பேசுறீங்க? சாஃப்ட்வேருக்கு ஒண்ணும் தெரியாது, சரி. நீங்க கேமரா வழியாப் பார்த்தீங்கல்ல? உங்களுக்குமா தெரியல?

— தெரிஞ்சுது.

— தெரிஞ்சு?

— அந்தக் கன்னம் தெரியாம கொஞ்சம் திரும்பி நில்லுங்கம்மான்னு சொன்னேன். தொழில் புத்தி. பரு இருந்தாலும் அதையேதான் சொல்லுவேன். அவங்களும் மறு பேச்சு பேசாம திரும்பி நின்னாங்க.

— நல்லா இருக்கு. அவன் அடிப்பானாம், நீங்க திருப்பி நிறுத்துவீங்களாம், மிச்சத்தை மிஷின் துடைக்குமாம். எல்லாரும் சேர்ந்து அவளைப் பொய்க்காரி ஆக்கியாச்சு.

— நான் கெட்டது நெனைக்கலம்மா. படம் நல்லா வரணும்னுதான்.

— வந்திருக்கு, வந்திருக்கு. ரொம்ப நல்லா வந்திருக்கு.

— கொஞ்சம் தண்ணி குடிங்க.

— தண்ணியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எனக்கு ஒரே ஒரு படம் போதும். அவ ஒன்றரை மாசமா என் வீட்டுலதான் கிடக்கா. கேஸ் தோத்துட்டா குழந்தை போயிடுமேக்கா, அதுக்கு அவன்கிட்ட அடி வாங்கிக்கிட்டே இருந்திருக்கலாம்னு நேத்து அழுதா. வாயை மூடுடி, வேலை முடிஞ்சு படத்தோடதான் வீட்டுக்கு வருவேன்னு காலையில அடிச்சுச் சொல்லிட்டு கிளம்பியிருக்கேன். வெறுங்கையோட போய் அவ முன்னாடி எப்படிண்ணே நிப்பேன்?

— நீங்க மொதல்ல வீட்டுக்குப் போங்கம்மா.

— போக மாட்டேன். அந்த டிஸ்க்கை மாட்டுங்க. என் கண்ணால பார்க்கணும்.

— சொன்னாக் கேளுங்க.

— மாட்டுங்கண்ணே.

— சரி. இந்தாங்க. இதுதான் அந்த விழாவோட ஃபோல்டர்.

— காலியா இருக்கு.

— ஆமா.

— அதுக்கு மேலயும் கீழயும் எல்லா வீட்டு விழாவும் இருக்கு. எங்களது மட்டும் காலி. எப்ப அழிச்சீங்க?

— இன்னைக்கு மத்தியானம்.

— மத்தியானமா? நான் வர்றேன்னு தெரிஞ்சேவா? யார் சொல்லி அழிச்சீங்க?

— உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட வாக்கு வாங்கியிருக்காங்கம்மா.

— அவன்தானே? இல்ல, அவன் அம்மாவை அனுப்பினானா? சொல்லுங்க, அவங்க பேரையும் சேர்த்து வக்கீல்கிட்ட குடுக்கிறேன்.

— உங்க தங்கச்சிதான்மா. குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு வந்து, கடைசிப் படம் அழியிற வரைக்கும் என் பக்கத்துலயே நின்னு பார்த்துட்டு, வாசல்ல வண்டியை அணைக்காம காத்துக்கிட்டிருந்த புருஷனோட ஏறிப் போயிட்டாங்க.